சிசுக்களின் திடீர் மரணம்: ‘எதிர்ப்பு சக்தி குறைவு’ என்பது பாதிக் கதைதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

தூக்கத்திலேயே இறந்துபோகும் கைக்குழந்தைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலரும் பேசத் தயங்கும் விஷயத்தை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால், ‘நோய் எதிர்ப்பு சக்தி குறைவதே காரணம், அதைக் கூட்டினால் தடுத்துவிடலாம்’ என்று கட்டுரை முடிந்திருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. அதை நம்பிச் சொட்டு மருந்தும் டானிக்கும் தேடிப் போகிற பெற்றோர், உண்மையில் உயிர்காக்கும் காரியங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை திடீரென்று இறந்து, முழுமையான பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தை நேரில் ஆராய்தல், மருத்துவ வரலாறு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகும் காரணம் பிடிபடாவிட்டால்தான் ‘திடீர் சிசு மரணம்’ (SIDS) என்று பெயர் வைக்கிறோம். இப்படி நேரும் மரணங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் முதல் 6 மாதத்துக்குள். 2 முதல் 4 மாதம்வரை உச்சம். எதிர்ப்பு மண்டலத்தின் மீது சந்தேகம் விழுந்ததற்கு இந்த வயதுக் கணக்கும் ஒரு காரணம். தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த ஐஜிஜி எதிர்ப்புப் புரதம் பிறந்த பிறகு சுமார் 3 வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. குழந்தை தானாகச் செய்யும் ஐஜிஜி மெதுவாகத்தான் ஏறுகிறது. அது இறங்க, இது ஏற, இரண்டுக்கும் இடையே 3, 4 மாத வாக்கில் ஒரு பள்ளம் விழுகிறது. தாயின் ஐஜிஜி பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் வந்து சேரும் என்பதால் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். திடீர் மரண அபாயமும் அவர்களுக்குத்தான் அதிகம்.

கட்டுரை இதோடு நின்றுவிட்டது. மீதிதான் முக்கியம்.

இறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முந்தைய நாட்களில் லேசான சளியோ மூக்கடைப்போ இருந்திருக்கிறது. மூச்சுக்குழாய்ச் சுவரில் கொஞ்சம் அழற்சி தெரியும். உயிரைப் பறிக்கிற அளவுக்கு இருக்காது. ஆனால் நார்வேயின் ஆஸ்லோ ஆய்வாளர்கள் மூளைத் தண்டுவட நீரில் இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதத்தை அளந்தபோது, இக்குழந்தைகளில் கணிசமானோருக்கு அது கடும் தொற்றில் இறந்தவர்களின் அளவை எட்டியிருந்தது. அதாவது, எதிர்ப்பு மண்டலம் வேலை செய்யாமல் இல்லை. சின்னத் தொற்றுக்குப் பெரிய பதில் கொடுத்திருக்கிறது.

அந்தப் பதில் ஏன் ஆபத்தாகிறது? குப்புறப் படுத்திருக்கும் குழந்தை, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் கரியமில வாயு ஏறியதும் மூளைத்தண்டு உஷாராகி, பெருமூச்சு விடவைத்து, தலையைத் திருப்பவைத்து, கடைசியில் அழவைத்து எழுப்பிவிடும். இந்த வேலையில், செரட்டோனின் என்ற நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முடிவுப்படி, இப்படி இறந்த குழந்தைகளின் முகுளத்தில் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில்) செரட்டோனின் 26 சதவீதம் குறைவு. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இந்த அமைப்பின் மீது அழற்சிப் புரதங்களும் வந்து விழுந்தால் விழிப்பு இன்னும் தாமதமாகலாம். குரல்வளையில் ஒரு துளி பால் பட்டாலே மூச்சு ஒரு கணம் நிற்பது சிசுக்களுக்கு இயல்பு. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிப் புரதம் கொடுக்கப்பட்ட விலங்குக் குட்டிகளில் அந்தக் கணம் நீண்டுபோகிறது. 1994-இல் முன்வைக்கப்பட்ட ‘மூன்று அபாயங்கள்’ விளக்கமும் இதையே சொல்கிறது: உள்ளுக்குள் பலவீனம் கொண்ட குழந்தை, நிலைகொள்ளாத வயது, வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி, மூன்றும் ஒரே நேரத்தில் கூடவேண்டும்.

சில கிருமிகள் சுரக்கும் நஞ்சே உயிரைப் பறிக்கிறது என்றும் ஒரு கருதுகோள் இருக்கிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் 2008-ஆம் ஆண்டு ஆய்வில், தொற்றல்லாத காரணத்தால் இறந்தவர்களைவிடக் காரணம் தெரியாமல் இறந்த சிசுக்களிடம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஈ-கோலை கிருமிகள் அதிகம் காணப்பட்டன. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று இதற்குப் பொருளில்லை. இறந்த பிறகும் கிருமிகள் குடலிலிருந்து கசிந்து பரவும். அதனால் ரத்தம், தண்டுவட நீர், நுரையீரல், மண்ணீரல் மாதிரிகளை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், தோலைச் சுத்தம் செய்த பிறகே எடுக்கவேண்டும். பல கிருமிகள் கலந்து வளர்ந்தால் பெரும்பாலும் மாசு. ஒரே கிருமி பல இடங்களில் தனியாக வளர்ந்து, திசுவிலும் அழற்சி தெரிந்தால்தான் அதைப் பொருட்படுத்தலாம்.

எதிர்ப்பு மண்டலத்தின் மீது அவசரப்பட்டுப் பழி போட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாறே இருக்கிறது. 1889-இல் வியன்னாவின் நோய்க்குறியியலாளர் பால்டாஃப், திடீரென்று இறந்த சிசுக்களின் தைமஸ் சுரப்பி (நெஞ்சுக்குள் இருக்கும், எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த உறுப்பு) பெருத்திருப்பதாகவும், அது மரணத்துக்கு இட்டுச்செல்லும் உடல் பலவீனத்தின் அடையாளமென்றும் எழுதினார். உண்மையில் அது இயல்பான அளவுதான். அக்காலத்தில் அறுத்துப் பார்க்கப்பட்ட மற்ற உடல்கள் பெரும்பாலும் பசியிலும் நீண்ட நோயிலும் வாடி இறந்தவர்களுடையவை. அந்த நெருக்கடியில் தைமஸ் சுருங்கிவிடும். சுருங்கியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இயல்பானது வீக்கமாகத் தெரிந்தது. அதை நம்பி 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆரோக்கியமான குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சினார்கள். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. நம்மைப் பார்த்து ஒருவர் ‘எதிர்ப்பு சக்தியைச் சரிசெய்கிறேன்’ என்று சொன்னால், என்ன ஆதாரம் என்று கேட்கவேண்டியது இதனால்தான்.

தடுப்பூசி பற்றிக் கட்டுரை தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறது. தயங்கத் தேவையில்லை. முதல் தவணை ஊசிகள் போடும் வயதும் இம்மரணங்கள் உச்சம் தொடும் வயதும் ஒன்றாக அமைவதால் எழும் சந்தேகம் அது. தாய் தந்த பாதுகாப்பு இறங்கும் நேரம் பார்த்துத்தான் ஊசியே போடுகிறோம். ஒப்பீட்டு ஆய்வுகளில் ஊசியால் அபாயம் கூடுவதாகத் தெரியவில்லை. 2007-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், ஊசி போட்ட குழந்தைகளிடம் அபாயம் ஏறத்தாழ பாதியாக இருந்தது. தாய்ப்பாலும் அப்படியே: குறைந்தது 2 மாதம் கொடுத்தாலே அபாயம் சுமார் பாதியாகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் ஒன்றைக் கட்டுரை தொடவே இல்லை. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கும் பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. இரு நாடுகளிலும் இம்மரணங்கள் பாதிக்கும் கீழே இறங்கின. குழந்தைகளின் எதிர்ப்பு மண்டலத்தை யாரும் தொடவில்லை. படுக்கும் விதம்தான் மாறியது.

சளி பிடித்திருந்தாலும் பால் கக்கினாலும் மல்லாக்கத்தான் படுக்கவைக்கவேண்டும். ‘புரையேறிவிடுமே’ என்று பயப்படுவார்கள். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போகவேண்டும். குப்புறப்படுத்தால் இது தலைகீழ். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குழந்தை எளிதில் குப்புற உருண்டுவிடும். மெத்தை கெட்டியாகவும் சமதளமாகவும் இருக்கட்டும். தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் கூடாது. முதல் 6 மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில் தூங்கவேண்டும். சளி என்றதும் தலையை மூடி, துணிமேல் துணி போர்த்துவது தவறு. உடல் சூடேறினால் விழிப்பு மந்தமாகும். நெஞ்சிலோ பிடரியிலோ வியர்த்தால் ஒரு துணியைக் கழற்றிவிடுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடவேண்டும். புகைப்பழக்கத்தை விடுவது கர்ப்பத்திலேயே தொடங்கவேண்டும். நிகோட்டின் மூளைத்தண்டைப் பாதிக்கிறது. புகை மூக்கு, தொண்டைச் சவ்வில் கிருமி ஒட்ட வழிசெய்கிறது.

ஒரு வேண்டுகோள். கட்டுரைக்கு மேலே அரைப்பக்க அளவில் போட்டிருந்த படத்தில் குழந்தை பஞ்சுத் தலையணை மேல் குப்புறப் படுத்துத் தூங்குகிறது. எழுத்தைப் படிக்காதவர்களும் படத்தைப் பார்ப்பார்கள். அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்போடு, வெறும் கெட்டி மெத்தையில் மல்லாக்கப் படுத்திருக்கும் குழந்தையின் படத்தை அதே அளவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைநல மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்