என் கார்புரேட்டரின் மூல உறுப்புகளைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
மோரிஸ் மைனர் கார் உரிமையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கார்புரேட்டர் சீரமைப்புப் பிரிவு.

பொருள்: கார்புரேட்டரின் வகையைத் தவறாகக் கணித்தமை, மூல உறுப்புகளை மாற்றி அனுப்பியமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1957-ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட என் மோரிஸ் மைனர் 1000 காரில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் எஸ்.யு. நிறுவனக் கார்புரேட்டரை, அது எந்த வகை என்று உறுதிசெய்து முழுமையாகச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக் கடந்த சித்திரை மாதம் தங்கள் நிறுவனத்துக்குப் பார்சலில் அனுப்பியிருந்தேன். ஏழு வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தது பளபளவென்று இருக்கிறது. ஆனால் அதன் உடல் பகுதியும் சில சிறு உறுப்புகளும் மட்டுமே நான் அனுப்பியவை. மேலேயும் உள்ளேயும் இருக்கும் முக்கிய உறுப்புகள் வேறு ஏதோ காரிலிருந்து கழற்றியவை.

முதல் தவறு வகையைக் கணித்ததிலேயே நேர்ந்திருக்கிறது. மைனர் 1000 என்ற ஒரே பெயரில் 1956 முதல் 948 சி.சி. எஞ்சினும், 1962 முதல் 1098 சி.சி. எஞ்சினும் வந்துள்ளன. என் காரில் இருப்பது 948 சி.சி. எஞ்சினும் எச்2 வகைக் கார்புரேட்டரும்; பின்னாளில் வந்தது எச்.எஸ்.2. இரண்டின் வாயளவும் ஒன்றேகால் அங்குலம்தான் என்றாலும், வேறுபாட்டைக் காண அளவுகோல்கூட வேண்டியதில்லை. எச்.எஸ்.2-வில், பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையின் அடியிலிருந்து மெல்லிய நைலான் குழாய் ஒன்று வெளிப்புறமாக வந்து, பெட்ரோலை வெளிவிடும் துளையுள்ள ஜெட்டில் சேரும். எச்2-வில் அந்தக் குழாயே கிடையாது. மிதவை அறையை உடலோடு இணைக்கும் கையின் உள்வழியாகவே பெட்ரோல் ஜெட்டுக்குப் போகிறது. இதை விளக்கி, நான்கு பக்கமும் எடுத்த படங்களோடு, பார்சலுக்குள் கடிதமும் வைத்திருந்தேன். அப்படியிருந்தும் தங்கள் ரசீதில் 'எச்.எஸ்.2 ரிப்பேர் கிட்' என்று எழுதப்பட்டிருக்கிறது.

இது வெறும் எழுத்துப் பிழையாக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். எச்2-வின் ஜெட்டைச் சுற்றிப் பெட்ரோல் கசியாமல் தடுப்பவை சிறிய கார்க் வளையங்கள். அவை எச்.எஸ்.2 கிட்டில் வருவதில்லை. ஆகவே காய்ந்து சுருங்கிய பழைய கார்க்குகளையே மறுபடியும் பொருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். காரை முதன்முதலாக நாகர்கோவிலுக்கு ஓட்டிச் சென்றபோது, வில்லுக்குறியை நெருங்குகையில் பெட்ரோல் நெடி தாங்க முடியாமல் ஓரமாக நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். ஜெட்டின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பவை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. என் பேத்தி பின் இருக்கையில் இருந்தாள். இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என் கை வரவில்லை.

அடுத்தது, எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. எஸ்.யு. கார்புரேட்டரில் மேலே மணிபோல் இருக்கும் சக்ஷன் சேம்பரும் அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி இழைத்துச் சேர்க்கப்பட்ட இணை; ஒன்றை மாற்றினால் மற்றதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நான் அனுப்பிய சேம்பரின் விளிம்பிலும் உடலின் விளிம்பிலும் நேருக்கு நேராக இரண்டு புள்ளிகள் உண்டு. கழற்றி மாட்டும்போது திசை மாறிவிடக் கூடாது என்பதற்காக, என் தந்தையார் காலத்தில் எங்கள் காரைப் பார்த்துவந்த மார்த்தாண்டத்து மேஸ்திரி சென்டர் பஞ்சால் அடித்து வைத்த அடையாளம் அது. இப்போது உடலில் மட்டும் புள்ளி இருக்கிறது, சேம்பரில் இல்லை. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் 'டக்'கென்று ஒலித்து அடியில் விழ வேண்டும். இதுவோ பாதி வழியில் உரசி நிற்கிறது. பிஸ்டனின் அடியில் மாட்டி ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியின் தண்டில் பொறித்திருக்கும் எழுத்துகளும் என் ஊசியில் இருந்தவை அல்ல. மிதவை அறை மூடியின் நட்டுக்குக் கீழே இருந்த, எண் பொறித்த சிறிய அலுமினியத் தகட்டையும் காணவில்லை. எந்தக் காருக்காகச் செய்யப்பட்ட கார்புரேட்டர் என்பதற்கு இருந்த நேரடிச் சான்று அந்தத் தகடு ஒன்றுதான்.

காற்றுவழியைத் திறந்து மூடும் தகட்டின் அச்சான த்ராட்டில் ஸ்பிண்டிலுக்குப் புதிய புஷ் (அச்சைத் தாங்கும் உறை) போட்டதாக ரூ. 3,200 வாங்கியிருக்கிறீர்கள். ஸ்பிண்டில் இன்னும் ஆடுகிறது. எஞ்சின் ஓடும்போது அதன் முனையில் கிளீனரைச் சிறிது தெளித்தால் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) உடனே மாறுகிறது. அந்த வழியாகக் காற்று இழுக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தொலைபேசியில் பேசியபோது தங்கள் பணியாளர், "எஸ்.யு. எல்லாம் ஒண்ணுதான் சார், ட்யூன் பண்ணினா சரியாகிடும்" என்றார். சேம்பருக்குள் உரசி நிற்கும் பிஸ்டனை எந்த ட்யூனிங்காலும் சரிசெய்ய முடியாது. பழைய வண்டிகளின் உறுப்புகளை நம்பி வாங்கிக்கொள்ளும் ஒரு நிறுவனம், ஒவ்வொரு வாடிக்கையாளரின் உறுப்புகளையும் தனித்தனிப் பெட்டியில் வைத்து எண்ணிடுவதைக்கூடச் செய்யவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே, என் சக்ஷன் சேம்பர், பிஸ்டன், ஊசி, அலுமினியத் தகடு ஆகிய நான்கையும் தங்கள் பட்டறையில் தேடி எடுத்து, இருக்கிற நிலையிலேயே அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவற்றை மெருகேற்ற வேண்டாம். தூசிகூடத் துடைக்க வேண்டாம். ஸ்பிண்டில் வேலைக்கும் பொருந்தாத கிட்டுக்கும் வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். பணம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன்; உறுப்புகள் வேறொருவர் காருக்குப் போய்விடுவதற்குள் எனக்கு வந்துசேர வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துவடிவில் பதில் வராவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.

தாங்கள் அனுப்பிய சேம்பரையும் பிஸ்டனையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவற்றை இழந்த உரிமையாளரும் எங்கோ தேடிக்கொண்டிருக்கக்கூடும். அவர் யாரென்று தங்கள் பதிவேட்டில் பார்த்துச் சொன்னால், என் செலவிலேயே அவருக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை.

இணைப்பு: ரசீது நகல், அனுப்புவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும் எடுத்த படங்கள்.