பிரசவ பயத்தில் என் கூட நின்றவர்களுக்கு

பாப்பா பிறந்து இன்றோடு 40 நாள். தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு ஏழாம் மாதத்திலிருந்தே தூக்கம் போய்விட்டது. வளைகாப்பில் கன்னத்தில் சந்தனம் பூசிக்கொண்டே "பிரசவம்னா பொம்பளைக்கு மறுஜென்மம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், வாழ்த்தாகத்தான் சொன்னார்கள், ஆனால் என் சின்னம்மா தலைப்பிரசவத்தில் ரத்தப்போக்கில் போனவர் என்பதால் எனக்கு அந்த ஜென்மக் கணக்கே வேறு மாதிரி கேட்டது. பேசாமல் ஆபரேஷன் பண்ணிவிடுங்கள் என்று ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் அழுதேன். "ஊர்ல யாரும் பெத்துக்கலையா?" என்றார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் நர்ஸம்மாவுக்குத்தான் முதல் நன்றி. கர்ப்பத்தை அரசாங்கத்தில் பதியும் பிக்மி நம்பர் பதிந்ததிலிருந்து வீட்டுக்கு வந்து போகிறவர். அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரை மூடி வைத்துவிட்டு, "எதுக்கும்மா பயம், வலிக்கா, இல்ல சின்னம்மா மாதிரி ஆயிருமோன்னா?" என்று கேட்டார். அதுவரை யாரும் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. குழந்தை வெளியே வந்ததுமே ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்சிடோசின் ஊசி போடுவார்கள், அதற்கு முன்னால் உடம்பில் ரத்தம் ஏற வேண்டும் என்று விளக்கினார். 9.2 இருந்த ஹீமோகுளோபின் 11 தாண்டும்வரை அவர் என்னை விடவில்லை. செக்கப்பில் பிரஷர், சர்க்கரை பார்ப்பது போலத் தூக்கம் வருதா, பயமா இருக்கா என்றும் எல்லா இடத்திலும் கேட்க வேண்டும்.

அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்து ஸ்டாஃப் நர்ஸ் அக்கா. நாள் நெருங்குமுன்பே பிரசவ அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டில், குழந்தைக்குச் சூடு கொடுக்கும் மெஷின் எல்லாம் காட்டினீர்கள். "வலி விட்டு விட்டுத்தான் வரும், விடுற நேரம் உனக்கு" என்றீர்கள். அதையே பிடித்துக்கொண்டுதான் அந்த ராத்திரியைக் கடந்தேன்.

அத்தை, பிரசவத் துணையாக ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்றதும், அம்மாவுக்குப் பிரஷர் என்று நீங்களாகவே வந்தீர்கள். நகம் பட்டுவிடும், வளையல் கீறிவிடும் என்று வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, விடியும்வரை என் இடுப்பைத் தேய்த்துவிட்டதை மறக்க மாட்டேன்.

கடைசியாக, அரசாங்க மனநல உதவி எண் 14416 டெலி மனஸில் நடுராத்திரி என்னோடு பேசிய மேடம். அழுது முடிக்கும்வரை காத்திருந்தீர்கள், நான் பெயர்கூடக் கேட்காமல் வைத்துவிட்டேன். சுகப்பிரசவம் மேடம், பெண் குழந்தை, 2.9 கிலோ. நான் இப்போது தூங்குகிறேன்.