அம்மாவுக்குப் புரையேறுகிறதா என்று பார்

டேய் சேகர்,

நலம். பென்னாகரத்தில் மழை இல்லை, வாத்தியார் இன்னும் அதே சைக்கிள், பழைய பாக்கியை இன்னும் கேட்கிறார். மற்றதை விடு, இது அப்பா விஷயம். உன் அம்மா விஷயமும்தான், இரண்டு பேருக்கும் அதே பார்க்கின்சன் என்கிற நரம்பு நோய்தானே.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து போய், மறுபடி வந்தது. பக்கத்தில் காட்டினால் "வயசானா அப்படித்தான்" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், கடுப்பாகி தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்தால் வலது நுரையீரலின் கீழ்ப்பக்கம் நிமோனியா. பெங்களூர் நரம்பு டாக்டர் நெஞ்சைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது, தண்ணீர் குடித்ததும் குரல் கரகரக்கிறதா, எச்சில் வழிகிறதா, எடை குறைந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பா "ஒண்ணுமில்லைங்க". பார்க்கின்சன் வந்தவர்களில் நிறையப் பேருக்கு விழுங்குவதில் கோளாறு இருப்பது அவர்களுக்கே தெரியாதாம்.

அப்புறம் பேச்சோடு விழுங்குவதையும் பார்க்கிற ஸ்பீச் தெரபிஸ்ட் அம்மா ஒருவர் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொன்னார். மனிதர் ஒரு இருமல் இல்லாமல் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தம்மா அதை நம்பவில்லை. எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் என்ற மருந்தைக் கலந்து கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுத்தார்கள். மூச்சுக்குழாய்க்குள் கருப்பாக ஒரு கோடு இறங்குகிறதுடா, அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிறார். தொண்டையில் உணர்ச்சி மங்கிவிட்டதால் இருமலே எழவில்லை. புரையேறினால் யாரோ நினைக்கிறாங்க என்று ஆயா தலையில் தட்டுமே, இவரை ஒருத்தரும் நினைக்கவில்லை போல. சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் இந்த நோயில் உயிர் போவதற்கு முக்கியக் காரணங்களில் நிமோனியாவும் ஒன்று என்று கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

களியை மெல்லக் கூடாது, முழுங்கணும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்போது களி கிடையாது. நீர்மோரும் ரசமும் கூடாது, தண்ணியாக இருப்பதுதான் சட்டென்று தப்பி மூச்சுப்பாதைக்குள் ஓடுமாம். கெட்டிக் கூழ் போகும் என்று அந்த வீடியோவிலேயே பார்த்துச் சொன்னார்கள், மோவாயைத் தாழ்த்தி விழுங்கினால் இவருக்குச் சரியாக இறங்குகிறது என்பதையும். கெட்டியாகவே கொடுத்தால் குடிக்கிற அளவு குறைந்து உடம்பு வறண்டுவிடும், அதையும் பார்க்கணும். பார்க்கின்சன் மருந்து லெவோடோபா வேலை செய்கிற நேரமாகப் பார்த்துச் சாப்பாடு, நிமிர்ந்து உட்கார்ந்து. ராத்திரி பல் துலக்காமல் விடுவதில்லை, வாயில் இருக்கிற கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது. இதற்கு மட்டும் தினமும் சண்டை.

"அம்மா நல்லாத்தான் சாப்பிடறாங்க" என்று பொங்கலுக்குச் சொன்னாயே, அதை இப்போது நான் நம்பத் தயாரில்லை. இரண்டு வாய் தண்ணீர் கொடுத்து உடனே "ஆ" என்று இழுக்கச் சொல்லு, குரல் ஈரமாகக் கொழகொழத்தால் அந்த வாரமே காட்டு. கொழகொழக்காவிட்டாலும் காட்டு. எக்ஸ்ரே வீடியோ வசதி இல்லாத இடத்தில் மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டும் பார்ப்பார்களாம். நீ தள்ளிப்போடுவாய் என்று தெரியும், தங்கச்சி நம்பரை அனுப்பு, அவளிடமே பேசிக்கொள்கிறேன்.

முருகன்