பெரியம்மாவின் கொப்பிக்கு ஒரு மறுமொழி

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியம்மா அவர்களுக்கு,

சென்ற கிழமை தெல்லிப்பழையில் உங்கள் கட்டிலருகே நான் இருந்தபோது, தலையணைக்கடியிலிருந்து ஒரு பழைய கொப்பியை எடுத்துக் காட்டினீர்கள். கொடுத்த காணிக்கைகள், இருந்த உபவாசங்கள், உலை வைக்கும்போதெல்லாம் ஆலயத்துக்கென்று எடுத்து வைத்த பிடியரிசி ஆகிய எல்லாம் உங்கள் சிறிய எழுத்தில் இருந்தன. 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரியில் ஒதுங்கியிருந்த நாள்களிலுங்கூட அந்தப் பிடி தவறவில்லை. "இவ்வளவும் போதுமோ, தம்பி?" என்று கேட்டீர்கள். அன்று எனக்கு நா எழவில்லை.

இரட்சிப்பைப் பெற அது போதாது, பெரியம்மா. உங்களுடையது மட்டுமல்ல, எவருடைய கணக்கும் போதாது. போதுமாயிருந்தால் சிலுவைக்குத் தேவையே இருந்திராது. "நீதியானது நியாயப்பிரமாணத்தினாலே வருமானால் கிறிஸ்து மரித்தது வீணாயிருக்குமே" என்று அப்போஸ்தலன் பவுல் கலாத்தியருக்கு எழுதியது இதைத்தான்; நியாயப்பிரமாணம் என்பது மோசே வழியாக வந்த கட்டளைகள்.

லூக்கா 23ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய அந்தக் கள்ளனை நினைத்துப் பாருங்கள். காணிக்கை போட அவன் கைகள் விடுபட்டிருக்கவில்லை. ஆலயத்துக்கு நடக்கக் கால்கள் இல்லை. ஞானஸ்நானம் பெறவோ, திருடியதைத் திருப்பிக் கொடுக்கவோ பொழுதும் இல்லை. "அடியேனை நினைத்தருளும்" என்ற ஒரு விண்ணப்பந்தான் அவனிடம் இருந்தது. அதற்குக் கிடைத்த மறுமொழியில் "பார்ப்போம்" என்ற இழுபறி இல்லை, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்பதில் "இன்றைக்கு" என்ற சொல்லே இருந்தது.

யோவான் எழுதிய சுவிசேஷத்தில் ஆண்டவர் உயிர்விடுமுன் சொன்ன "முடிந்தது" என்பது கிரேக்க மூலத்தில் ஒரே சொல். செய்து நிறைவேறியது, அந்த நிறைவு இன்றும் நிலைத்திருக்கிறது என்ற இரண்டையும் அதன் வினைவடிவம் சேர்த்தே உணர்த்துகிறது. அவர் முடித்த ஒன்றுக்கு நாம் எதைக் கூட்டப் போகிறோம்?

1816இல் அமெரிக்க மிஷனரிமார் உங்கள் தெல்லிப்பழைக்கு வந்தபோது சுமந்து வந்ததும் இந்தச் செய்தியைத்தான்.

அப்படியானால் அந்தப் பிடியரிசி வீணா என்று மனம் நோகாதீர்கள். எபேசியர் 2ஆம் அதிகாரம், இரட்சிப்பு தேவனுடைய ஈவு என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளுக்கென்றே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும் சொல்கிறது. நீங்கள் அள்ளி வைத்த ஒவ்வொரு பிடியும் நன்றியாகவே அவரிடம் போய்ச் சேர்ந்தது; அதை விலைப்பணமாக எண்ணிப் பார்க்கும்போதுதான் இரவில் உங்களுக்கு நித்திரை வராமற் போகிறது.

ஞாயிறு பின்னேரம் வருகிறேன். கண் மங்கலாயிருக்கிறது என்றீர்கள். லூக்கா 23ஐ நானே வாசிக்கிறேன், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

என்றும் உங்கள் அன்பு மகன்