அழுத்தம் சரி என்றார்கள், நரம்பை யாரும் பார்க்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்ச் மாதக் கிளாகோமா வாரத்தை ஒட்டி உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது மட்டும் போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். என் அண்ணனுக்கு ஒரு முகாமில் அழுத்தம் பார்த்தார்கள். 16 இருந்தது. எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். இன்று அவருடைய இடக்கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது.

10 முதல் 21 வரை இயல்பான அழுத்தம் என்பார்கள். அந்த எல்லைக்குள் இருக்கும்போதே பார்வை நரம்பு தேய்ந்துபோகிறவர்களும் உண்டு. அதுவும் கிளாகோமாதான். அதற்குக் 'கண் அழுத்த நோய்' என்று நாம் தமிழில் வைத்த பெயரே மக்களைத் திசைதிருப்பிவிடுகிறது. அண்ணனுக்குப் புரை அறுவை முடிந்து, எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்தார். தினமும் பேப்பரும் படித்தார். ஆனால் ஓரப் பார்வை போய்விட்டதால் இடப்பக்கமிருந்து வந்த சைக்கிளில் போய் மோதிக்கொண்டார். இலையின் ஓரத்தில் வைத்த ஊறுகாய் அவர் கண்ணில் படவில்லை. கவனமே இல்லை என்று அண்ணி கோபித்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அண்ணனுக்கு நோய் உறுதியான அன்று மதுரையில் அவரைப் பார்த்த கண் மருத்துவர், "உடன்பிறந்தவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம், நீங்களும் உட்காருங்கள்" என்று என்னையும் உட்காரவைத்தார். எனக்கு அழுத்தம் 17. பொட்டு வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் ஃபீல்டு டெஸ்டிலும் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து நரம்பைப் பார்த்தார். நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம் ஒரு சிறிய தட்டு மாதிரி இருக்குமாம். அதன் நடுவில் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரு குழி உண்டு. நரம்பிழைகள் அழிய அழிய விளிம்பு மெலிந்து குழி அகலமாகும். எனக்கு வலக்கண்ணில் குழி தட்டில் பாதி, இடக்கண்ணில் பத்துக்கு ஏழு பங்கு. இரண்டும் ஒன்றுபோல் இல்லாததுதான் அவருக்கு உறுத்தியது. உடனே ஓசிடி என்ற கண் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவன். எங்கள் டோட்டல் ஸ்டேஷன் கருவியும் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத்தான் தூரம் சொல்லும். ஓசிடியும் விழித்திரைக்குள் ஒளியை அனுப்பி, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பி வருவதைக் கொண்டு அதன் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்கிறது. நல்ல கண்ணில் நரம்புத் தட்டைச் சுற்றியுள்ள நரம்பிழைப் படலம் சராசரியாக 90 முதல் 100 மைக்ரான் இருக்கும். நீங்கள் அச்சடிக்கும் தாள் ஒன்றின் கனம் 70 மைக்ரான் சுமாருக்கு இருக்கும். அவ்வளவு மெல்லிய விஷயம் இது. என் வலக்கண்ணில் 91, இடக்கண்ணில் 78. ஃபீல்டு டெஸ்ட் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டேன். நரம்பிழைகளில் கால் பங்கோ அதற்கு மேலோ அழிந்த பிறகுதான் பல பேருக்கு அந்தச் சோதனையில் குறை தெரிய ஆரம்பிக்கும் என்றார்.

அவர் அன்றைக்கே மருந்து தரவில்லை. ஒரே கண்ணை இரண்டு முறை எடுத்தாலே நாலைந்து மைக்ரான் முன்பின் வரும், அதனால் ஒரு தாளை வைத்து முடிவு கட்டக்கூடாது என்றார். எனக்கு இது உடனே விளங்கிவிட்டது. பழைய புலப்படம் கையில் இல்லாமல் வரப்பு நகர்ந்திருக்கிறது என்று எந்த அளவரும் சொல்ல முடியாதே. ஓராண்டு கழித்து இடக்கண்ணில் 76 வந்தது. அதற்கடுத்த ஆண்டு 70. அப்போது சொட்டு மருந்து ஆரம்பித்தார். இரவில் ஒரு சொட்டுதான். அழுத்தம் 12க்கு இறங்கியது, அதன் பிறகு இரண்டு முறை எடுத்ததிலும் 70, 69 என்று நிற்கிறது. போன நரம்பு திரும்பி வராது. இருப்பது நிற்கிறது.

ஸ்கேன் தாளில் சிவப்பு வந்தாலே நோய் என்று பயந்துவிடவும் கூடாது. என் தங்கை மகளுக்கு மைனஸ் 9 கண்ணாடி. ஓரிடத்தில் ஓசிடி எடுத்துவிட்டு, சிவப்பாக வந்திருக்கிறது, ஆயுள் முழுக்க மருந்து போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அதே மதுரை மருத்துவரிடம் காட்டினோம். கருவி நம் அளவைச் சில நூறு பேரின் அளவோடு ஒப்பிட்டுத்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு போடுகிறது. அந்தச் சில நூறு பேரில் இவ்வளவு மைனஸ் உள்ள கண்கள் குறைவு. அதிக மைனஸ் உள்ள கண் நீண்டிருக்கும், அதில் நரம்பிழைகள் போகும் தடமும் சற்று விலகியிருக்கும். அவளுக்கு நோய் இல்லை, ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும் என்றார். அந்தத் தாளைப் பத்திரமாக வைக்கவும், அடுத்த முறையும் அதே வகைக் கருவியில் எடுக்கவும் சொன்னார். ஒரு கம்பெனிக் கருவியின் எண்ணை இன்னொரு கம்பெனிக் கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாதாம்.

எல்லோருக்கும் ஓசிடி எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது எல்லா ஊரிலும் கிடையாது, செலவும் ஆகும். நரம்பை ஒரு முறை பார்த்தாலே யாருக்கு ஓசிடி தேவை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 2001 முதல் 2004 வரை சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாகோமா ஆய்வில், திறந்த கோண வகைக் கிளாகோமா (கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் அடைபடாமல் திறந்தே இருக்கும் வகை) இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அதுவரை அது தெரியவே இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். நரம்புத் தட்டும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. படத்தைப் பார்க்கிறவர் குழியின் அளவையும் ஒரு வரி குறித்துவிட்டால் போதுமே. புரைக்காக நடக்கும் முகாம்களிலும் இதைச் செய்ய முடியும். சுகாதாரத் துறை இதை யோசிக்க வேண்டும். அடுத்த முறை கிளாகோமா பற்றி எழுதும்போது, "அழுத்தத்தோடு என் நரம்பையும் பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் கேட்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

திருப்பூரில் என் தம்பி இருக்கிறான், வயது 54. நன்றாகத்தான் தெரிகிறது என்று மூன்று ஆண்டுகளாகத் தட்டிக்கழிக்கிறான். அவன் தினமும் படிப்பது உங்கள் பேப்பரைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குறுவட்ட அளவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.