வார்டில் ஒலிக்கும் கணினி மணி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் அம்மாவுக்குத் துணையாக, சென்ற மாதம் எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில் ஐந்து இரவுகள் தங்கியிருந்தேன். சிகிச்சையிலும் கவனிப்பிலும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால், அம்மாவைத் தூங்கவிடாமல் செய்தது வலியைவிட, செவிலியர் மேசையில் இருந்த கணினியின் எச்சரிக்கை ஒலிதான். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடக்கூடிய அந்த ஒலியைப் பற்றி மருத்துவமனை நிர்வாகிகளின் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அம்மாவின் கட்டிலுக்கும் அந்த மேசைக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. இரவுப் பணிக்கு வரும் சிஸ்டர்கள், ஒவ்வொரு நோயாளியின் காய்ச்சல், ரத்த அழுத்தம், கொடுத்த மருந்து, சிறுநீரின் அளவு என எல்லாவற்றையும் கணினியில்தான் பதிவு செய்கிறார்கள். ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டாலும் தேதி மாறிப்போனாலும் திரையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. கூடவே 'டிங்' என்ற ஓசையும் வருகிறது. பகலில் யார் காதிலும் விழாத அந்த ஓசை, மின்விசிறியின் சத்தம் மட்டுமே இருக்கும் இரவு இரண்டு மணிக்கு, சிமென்ட் தரையில் கரண்டி விழுந்ததுபோல் கேட்கிறது. அம்மா ஒவ்வொரு முறையும் கண்விழித்து, "யாரும்மா கூப்பிடுறாங்க?" என்று கேட்பார். பதில் சொல்லித் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பதற்குள் அடுத்த ஓசை வந்துவிடும்.

அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை செய்பவள் என்பதால், இதை நிறுத்தும் வழி எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் இரவு தயங்கித் தயங்கிப் பணியில் இருந்த சிஸ்டரிடம் கேட்டேன். "ஏதாவது ஆயிடுச்சுன்னா எங்களைத்தான் கேப்பாங்க அக்கா" என்று அவர் முதலில் பயந்தார். பிறகு பொறுப்பு மருத்துவரிடம் சொல்லிவிட்டு, நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவரே செய்தார். திரையின் கீழ்ப்பட்டையில் வலது ஓரத்தில் உள்ள ஸ்பீக்கர் குறியின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். விண்டோஸ் 10 என்றால் அதிலேயே 'சவுண்ட்ஸ்' என்று இருக்கும். விண்டோஸ் 11-இல் 'சவுண்ட் செட்டிங்ஸ்' வழியாகப் போய், கீழே உள்ள 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறந்து, வரும் பெட்டியின் மேலே 'சவுண்ட்ஸ்' என்பதை அழுத்தினால் அந்தப் பக்கம் வரும். அங்கே 'சவுண்ட் ஸ்கீம்' என்ற இடத்தில் 'நோ சவுண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'ஓகே' கொடுத்தால் வேலை முடிந்தது. அன்று ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. "இத்தனை நாளா இதை நிறுத்த முடியும்னே தெரியாது" என்றார் அந்த சிஸ்டர். அன்றிரவு அம்மா விடியும்வரை தூங்கினார்.

மறுநாள் இரவு வேறொரு சிஸ்டர் தம் பெயரில் உள்ளே நுழைந்ததும் அதே ஓசை திரும்பிவிட்டது. இந்த அமைப்பு கணினி முழுவதற்கும் பொதுவானதன்று. பயன்படுத்தும் ஒவ்வொருவரின் கணக்கிலும் தனித்தனியே மாற்ற வேண்டும். ஸ்பீக்கரை ஒரேயடியாக ஊமையாக்கிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். அப்படிச் செய்தால், மருத்துவரோடு வீடியோவில் பேசுவதற்காக யாராவது ஒலியைத் திறக்கும்போது, இந்த ஓசையும் சேர்ந்து வந்துவிடும். எச்சரிக்கை ஒலியை மட்டும் நீக்குவதே சரியான வழி. எச்சரிக்கைப் பெட்டி அப்போதும் திரையில் தோன்றத்தான் செய்யும். எந்தத் தகவலும் விட்டுப்போகாது.

கம்பி வழியாக வரும் செய்தியைத் தாளில் அச்சிட்டுத் தரும் தொலைதட்டச்சு இயந்திரங்கள் இருந்த காலத்தில், செய்தி வருவதை அறையின் வேறு மூலையில் இருக்கும் ஊழியருக்குத் தெரிவிக்க அவற்றில் உண்மையான மணியே பொருத்தியிருந்தார்கள். எழுத்துகளையும் கட்டளைகளையும் எண்களாகக் குறிப்பதற்காக 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டுத் தொகுதியில் 7 என்ற எண் அந்த மணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. தூரத்தில் இருப்பவரை அழைக்கப் பிறந்த ஏற்பாடு அது. திரைக்கு நேர் எதிரே, கை விசைப்பலகையிலேயே இருக்க அமர்ந்திருக்கும் சிஸ்டருக்கு, வார்டில் உள்ள இருபது பேரையும் எழுப்பித்தான் அதைச் சொல்ல வேண்டுமா?

தூக்கம் கெடுவது மட்டுமே என்றால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எதிர்க் கட்டிலில் இருந்த பெரியவருக்கு மருந்து ஏற்றும் பம்ப் ஒருநாள் இரவு ஒலித்தது. அவருடைய மகனும் நானும் விழித்துத்தான் இருந்தோம். கணினிதானே என்று இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்த சிஸ்டர்தான் மருந்து தீர்ந்திருப்பதைப் பார்த்தார். நல்லவேளையாகப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. தேவையற்ற ஒலிகளைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது, தேவையான ஒலியையும் தள்ளிவிடும் என்பதை மருத்துவ உலகம் நன்கு அறியும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், மருத்துவக் கருவிகளின் அலாரங்களை முறைப்படுத்துவதை 2014 முதல் நோயாளி பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாகவே வைத்தது. இரவில் வார்டுக்குள் சராசரி ஒலி 30 டெசிபலுக்குள்ளும், அவ்வப்போது எழும் உச்ச ஒலி 40 டெசிபலுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

இதயத்துடிப்பைக் காட்டும் மானிட்டர், மருந்து பம்ப் போன்றவற்றின் ஒலியைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; அவற்றை நோயாளியின் உறவினர்கள் தொடவே கூடாது. கணினியிலும்கூட, அவசரமான பரிசோதனை முடிவுகளை ஒலியெழுப்பித் தெரிவிக்கும் மென்பொருள் சில இடங்களில் இருக்கலாம். அது விண்டோஸின் ஒலியையே பயன்படுத்துகிறதா, தனக்கென்று தனி ஒலி வைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஆகவே என்னைப் போன்ற துணையாள் ஒருவர் நள்ளிரவில் கேட்டுச் செய்யவேண்டிய வேலை அன்று இது. மருத்துவமனையின் கணினிப் பிரிவு முறையாகச் செய்யவேண்டியது. வார்டுக்குப் புதிய கணினி வரும்போதும், புதிய பணியாளருக்குக் கணக்குத் தொடங்கும்போதும் இதையும் சேர்த்துச் செய்துவிட்டால் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அம்மாவுக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை இருக்கிறது. அப்போது அந்த மருத்துவமனையின் மேலாளரிடம் நேரில் கொடுப்பதற்கு, மேலே சொன்ன வழிமுறையை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மற்ற ஊர்களின் மருத்துவமனைகளுக்கும் இது போய்ச் சேரத் தங்கள் இதழ் உதவ வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி