எந்தச் சட்டத்திலுங்க? கொங்கு நாட்டு இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் நீதிமன்றங்களில் இப்போதுதான் கறுப்பு அங்கி மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். கோபி பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம். வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்துகொண்டிருந்த நேரம். பள்ளிக்கூட வராந்தாவில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். தறிக்காரர் ஒருவர் மகளைக் கையில் பிடித்தபடி வந்தார். "என்னைக் கேட்காமல் ஊசி போடலாம் என்று எந்தச் சட்டத்திலுங்க சிஸ்டர் இருக்கிறது?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். ஊசியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்த எனக்குச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி தெரியவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வக்கீலை இன்னும் தேடுகிறேன். வரப்புத் தகராறுக்கும் செக் வழக்குக்கும் தெருவுக்கு ஒரு பலகை தொங்குகிறது, பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குத்தான் ஆளில்லை.

கோவையில் பிளேக் மாரியம்மனைக் கும்பிட்டிருப்பீர்கள். பம்பாயில் பிளேக் பரவியபோது 1897இல் ஆங்கிலேயர் அவசரமாக எழுதிய தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இலும் தூசி தட்டி எடுத்தோம். நம் மாகாணத்துக்கு 1939இலேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. படித்திருக்கிறீர்களா? நானே ஓய்வுக்குப் பிறகுதான் படித்தேன்.

கோவிட் தடுப்பூசி வழக்கில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. ஆனால் பொதுநலனுக்காக அரசு அளவான கட்டுப்பாடுகள் விதிக்கலாம். எங்கள் பக்கத்தில் பலர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், அதிகாரிகள் இரண்டாம் பாதியை. ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளின் விவரம் மக்கள் பார்வைக்கு வரவேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னதை இரண்டு பக்கமும் மறந்துவிட்டன.

என் மனத்தை அறுப்பது வேறொன்று. மருந்து ஆய்வில் சேர்ந்து பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்று 2019 விதிகள் சொல்கின்றன. முகாமில் வழக்கமான ஊசி போட்ட குழந்தைக்கு, அரிதிலும் அரிதாக ஏதாவது ஆகிவிட்டால், அப்படி ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அமெரிக்கா 1986இலேயே சட்டம் போட்டது. தவறு யாருடையது என்று பெற்றோர் நிரூபிக்கத் தேவையில்லை, தடுப்பூசி மீதான சிறு வரியில் சேரும் நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். இதைக் கேட்டால் ஊசிக்கு எதிரி என்பார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகளை அழவைத்தவள் நான், எனக்கென்ன! தறிக்காரரிடம் "ஏதாவது ஆனால் அரசு பார்த்துக்கொள்ளும், இதோ சட்டம்" என்று காட்ட முடிந்திருந்தால் அவர் நின்றிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பெரிய வருமானம் வராது, மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் செவிலியர் பக்கத்தில் உட்காருங்கள். 1939 சட்டத்தின் ஒரு பிரதியும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்